பழைய சி10 பிக்கப்பின் மீட்டர் போர்டு: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

1967 முதல் 1972 வரையிலான மாடல்களாக வெளிவந்த அமெரிக்கச் சிறு சரக்கு வண்டியான செவர்லே சி10 பிக்கப்பை வாங்குகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே ஒரே கேள்விக்கு வந்துசேர்கிறார்கள். வண்டி ஓடுகிறது, ஆனால் அது எந்த நிலையில் ஓடுகிறது என்று சொல்ல வேண்டிய மீட்டர் போர்டை நம்ப முடிவதில்லை. பெட்ரோல் முள் நிறைவுக் கோட்டைத் தாண்டி மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேக முள் நாற்பது மைலில் நடுங்குகிறது, எஞ்சினின் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கப் போனால் அங்கே முள்ளே இல்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருக்கிறது. உள்ளதைச் சீர்செய்து வைத்துக்கொள்ளலாம். டேஷ்போர்டின் கீழே தனி மானிகளைப் பொருத்தலாம். பழைய இடத்திலேயே அப்படியே உட்காரும் புதிய முள் மீட்டர் தொகுதியை வாங்கலாம். எண்களாக ஒளிரும் டிஜிட்டல் போர்டுக்கும் மாறலாம். இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்டர் போர்டின் முகத்தைப் பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. வண்டியில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் இருக்கிறது என்பதைப் பார்த்தே எடுக்க வேண்டும். முள் என்பது கம்பியின் ஒரு முனை. மறுமுனையில், பெட்ரோல் தொட்டிக்குள்ளும் எஞ்சினின் பக்கவாட்டிலும் கியர்பாக்ஸின் வாலிலும் இருக்கும் உறுப்புகள்தாம் அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்புகின்றன. இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீட்டரும் தவறாகவே காட்டும்.

என்னிடம் இருப்பது 1970 மாடல் சி10. அதன் 350 கன அங்குல வி8 எஞ்சினும், மூன்று வேக டிஎச்350 தானியங்கி கியர்பாக்ஸும் தொழிற்சாலையில் பொருத்தியவை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் முதுகு வலிக்கப் படுத்துக் கற்றது.

தொழிற்சாலை என்ன வைத்தது

அந்த ஆறு ஆண்டுகளின் சி10-இல் அடிப்படை மாடலுக்கு வேக மீட்டரும் பெட்ரோல் மானியும் மட்டுமே முள்ளோடு வந்தன. ஆயில் அழுத்தம், எஞ்சின் வெப்பம், மின்னேற்றம் ஆகிய மூன்றுக்கும் எச்சரிக்கை விளக்குகள்தாம். கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு அந்த மூன்று விளக்குகளுக்குப் பதிலாக மூன்று முள் மானிகள் கிடைத்தன. எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரையும் சிலர் கேட்டு வாங்கினார்கள், இன்று அது அரிதான பொருள். விளக்குக்கும் முள்ளுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஆயில் விளக்கு அழுத்தம் சில பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங்குகள் அடிபடத் தொடங்கியிருக்கும். ஆயிரம் சுற்று வேகத்துக்குப் பத்து பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கை ஒரு விளக்கை வைத்துச் சரிபார்க்க வழியே இல்லை. ஆகவே விளக்கு மட்டும் உள்ள வண்டியை வைத்திருப்பவர் எந்த வழியைத் தேர்ந்தாலும், ஆயிலுக்கும் வெப்பத்துக்கும் முள் கிடைப்பதை அதில் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இந்த முட்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு முறையில் இயங்குகின்றன. பெட்ரோல் மானிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று எதிர்த்து முள்ளை இழுக்கின்றன. தொட்டிக்குள் மிதவையோடு ஏறி இறங்கும் உணரியின் மின்தடை, தொட்டி காலியாக இருக்கும்போது 0 ஓம், நிறைந்திருக்கும்போது 90 ஓம். சுருள்கள் இரண்டும் ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுவதால் மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் முள் பெரிதாக அசையாது. எளிமையான, அறிவார்ந்த அமைப்பு. ஆயில் அழுத்தமானியில் மின்சாரமே கிடையாது. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ஆயிலை டேஷ்போர்டுவரை கொண்டுவர, அந்த அழுத்தமே முள்ளைத் தள்ளுகிறது. வேக மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழல் கேபிளால் ஓடுகிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணம் சுழல் மின்னோட்டத்தால் இழுக்கப்பட்டு, ஒரு மெல்லிய சுருள்வில்லை எதிர்த்துத் திரும்புகிறது. அந்தக் கிண்ணத்தின் அச்சில்தான் முள் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஒரு மாலைநேரச் சோதனை

என் வண்டியின் பெட்ரோல் முள் நிறைவுக் கோட்டுக்கு அப்பால் நின்றது. மானி செத்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, முழுப் புதிய தொகுதி ஒன்றை வாங்கப் பணமும் ஒதுக்கிவிட்டேன். பக்கத்துத் தெருவில் இருக்கும், இத்தகைய வண்டிகளோடு வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர், வாங்குவதற்கு முன் தொட்டி ஒயரைக் கழற்றி வண்டியின் உடலோடு தொட்டுப் பார்க்கச் சொன்னார். இந்த மாடலில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருப்பதால், உணரியின் வெளிர் பழுப்பு ஒயரை எட்டுவது எளிது. சாவியைத் திருப்பிவிட்டு அந்த ஒயரை எர்த் செய்ததும் முள் மெதுவாகக் காலிக் கோட்டுக்கு இறங்கியது. அப்படியானால் மானியும் நலம், ஒயரும் நலம். தொட்டியின் எர்த் ஒயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததுதான் காரணம். உப்புத்தாளும் ஒரு புது முனையும் போதுமாக இருந்தன.

இந்தச் சோதனையின் தத்துவத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பல நூறு டாலர்கள் மிஞ்சும். செவர்லேயின் 0–90 ஓம் அமைப்பில், மின்சுற்று எங்காவது அறுந்திருந்தால் முள் நிறைவைத் தாண்டிப் போகும். ஒயர் எங்காவது உடலோடு உரசினால் காலியில் படுக்கும். அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும், ஏனெனில் அங்கே காலித் தொட்டிக்கு 73 ஓம், நிறைந்ததற்கு 10 ஓம். அந்த வண்டியில் மானிகளுக்கு முன்னால் மின்னழுத்தத்தைச் சராசரியாக 5 வோல்ட் அளவுக்குக் குறைக்கும் சிறு கருவி ஒன்றும் உண்டு. மானிகள் எல்லாமே ஒன்றாகத் தவறினால் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான். அதைத் தவிர்த்து 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் மானிகள் எரிந்துபோகும்.

மானிகள் பின்புறத்தில் ஒரு நெகிழும் பிளாஸ்டிக் தாளில் பதித்த செம்புத் தடங்கள் வழியாக மின்சாரம் பெறுகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான இந்த மின்சுற்றுத் தாள் வெடித்திருப்பதும், இணைப்புமுனை பொருந்தும் இடத்தில் செம்பு உரிந்திருப்பதும் வழக்கம். விளக்குகள் மங்குவதற்கும், ஒரு முள் வேலை செய்ய மற்றொன்று நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். புதிதாகச் செய்த தாள் சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் விளக்கு மட்டும் உள்ள போர்டுக்கும் முள் மானி உள்ள போர்டுக்கும் தாள் வேறு, ஆண்டைப் பொறுத்தும் மாறும் என்பதால், பழையதைக் கழற்றி அருகில் வைத்து ஒப்பிட்டுவிட்டே வாங்க வேண்டும்.

முதல் வழி: பழையதைச் சீர்செய்தல்

எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறாத வண்டிக்கு இதுவே முதல் வழி என்று நான் கருதுகிறேன். புதிய மின்சுற்றுத் தாள், புதிய பல்புகள், மஞ்சளடைந்த முன்கண்ணாடிக்குப் பதில் தெளிவான ஒன்று, வெளுத்த முட்களுக்கு ஆரஞ்சு வண்ணம்: ஒரு வார இறுதியில் போர்டு புதிதாகிவிடும். விளக்கு மட்டும் உள்ள வண்டியை முள் மானிக்கு மாற்றவும் முடியும், ஆனால் அது போர்டை மட்டும் மாற்றும் வேலையன்று. வெப்பத்துக்குச் சுவிட்சை எடுத்துவிட்டு உணரியைப் பொருத்த வேண்டும், ஆயிலுக்குக் குழாய் இழுக்க வேண்டும், மின்னேற்ற மானிக்கு எஞ்சின் பக்கம் இரண்டு கூடுதல் ஒயர்கள் வேண்டும். மானி உள்ள வண்டிக்கான எஞ்சின் ஒயரிங் தொகுதியையே புதிதாக வாங்கிவிடுவது ஒட்டுப்போடுவதைவிட நல்லது.

ஆயில் குழாயில் கவனம் வேண்டும். கேபினுக்குள் சூடான ஆயில் வருகிறது. பழைய நைலான் குழாய் காய்ந்து வெடித்தால் அது ஓட்டுநரின் காலிலும் கம்பளத்திலும் கொட்டும். தொழிற்சாலைக் குழாயை அப்படியே நம்பாமல் புதிதாக மாற்றி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன மின்னேற்ற மானி, பேட்டரி என்று எழுதிய அம்மீட்டர், அதாவது மின்னோட்டத்தைக் காட்டுவது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த செவர்லேயில் மின்னேற்றம் முழுவதும் மானிக்குள் பாய்வதில்லை. வண்டியின் முதன்மை ஒயரில் ஒரு நீளத்தின் இரு முனைகளிலிருந்தும் பியூஸ் வைத்த மெல்லிய ஒயர்கள் வந்து, அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய மின்னழுத்த வேறுபாட்டை மானி காட்டுகிறது. ஆகவே தீ அபாயம் குறைவு. அந்தக் காலத்து டாட்ஜ் பிக்கப்புகளின் அம்மீட்டரோ முழு மின்னோட்டத்தையும் டேஷ்போர்டுக்குள் கொண்டுவந்து திருப்பி அனுப்புவது. தீத்தடுப்புச் சுவரிலுள்ள இணைப்புமுனை அந்தச் சூட்டில் உருகுவது அவற்றின் பெயர்பெற்ற நோய். டாட்ஜ் வைத்திருப்பவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்த அம்மீட்டரை மின்சுற்றிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. செவர்லேயில் குறை வேறு: முள் ஏறத்தாழ அசைவதே இல்லை, அந்த பியூஸ்களில் ஒன்று போனாலும் நடுவில் அமைதியாக நிற்கும், நிற்பது நலத்தாலா பழுதாலா என்று தெரியாது. அதே முகப்பில் அதே இடத்தில் உட்காரும் வோல்ட்மீட்டராக அதை மாற்றிக்கொண்டால் பயன் உடனே தெரியும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் முள் நின்றால் மின்னேற்றம் சரி. பேட்டரிக்கு மின்னேற்ற நூறு ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பொருத்தியவர்களுக்கு இந்த மாற்றம் கட்டாயம் என்றே சொல்வேன்.

வேக மீட்டரில் முள் நடுங்கினால் முதலில் கேபிளைக் கழற்றித் துடைத்து மசகிட வேண்டும். பாதி நோய் அங்கேயே தீரும். முள் நடுங்காமல், ஆனால் தவறான வேகத்தைக் காட்டினால், கோளாறு பெரும்பாலும் மீட்டரில் இருக்காது. ஒரு மைலுக்குக் கேபிள் 1,000 முறை சுழல வேண்டும் என்பதே அமெரிக்க வண்டிகளின் வழக்கமான கணக்கு. அதைத் தருவது கியர்பாக்ஸின் வாலிலுள்ள ஒரு ஜோடிச் சிறு பற்சக்கரங்கள். 28 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு மைலில் ஏறத்தாழ 720 முறை சுற்றும். பின் அச்சு விகிதம் 3.73 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஓட்டுதண்டு 3.73 முறை சுற்றும் என்றால், ஓட்டுதண்டு சுமார் 2,690 முறை சுற்றும். அதை 1,000 ஆக்க, எட்டுப் பல் கொண்ட சக்கரத்தோடு 21 அல்லது 22 பல் கொண்ட சிறு பிளாஸ்டிக் சக்கரம் சேர வேண்டும். முந்தைய உரிமையாளர் நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக 3.07 விகிதத்துக்கு மாற்றிவிட்டுப் பற்சக்கரத்தைத் தொடாமல் விட்டிருந்தால், வண்டி உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 49-ஐத்தான் காட்டும். அப்போது தேவைப்படுவது ஏறத்தாழ 18 பல் சக்கரம். பல் எண்ணிக்கை மாறும்போது அதைத் தாங்கும் உறையும் சில வேளை மாற வேண்டியிருக்கும். இத்தனையும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைப் பெரிதாகத் தாண்டாது என்பதால்தான், வேகம் தவறாகக் காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக முழுப் போர்டையும் தூக்கி எறிபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த வழியின் எல்லையும் வெளிப்படையானது. இரவு வெளிச்சம் மங்கல்தான். எல்இடி பல்பு போட்டால் பளிச்சென்று எரியும், ஆனால் அந்தக் காலத்து ஒளி குறைக்கும் சுழற்றிக்கு அது ஒழுங்காகக் கீழ்ப்படியாது. வெப்ப முள்ளில் எண்கள் குறைவு. நூற்றெண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டா, இருநூற்றைந்தா என்று துல்லியமாகப் படிக்க முடியாது.

இரண்டாம் வழி: கீழே தனி மானிகள்

டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஒரு தகட்டில் மூன்று வட்ட மானிகளை வரிசையாகப் பொருத்துவது நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் முறை. ஆயில் அழுத்தம், வெப்பம், வோல்ட் ஆகிய மூன்றுக்கும் அது போதும். செலவு குறைவு, பழைய போர்டு தீண்டப்படாமல் இருக்கும், எச்சரிக்கை விளக்குகளும் தொடர்ந்து எரியும். விளக்கு மட்டும் உள்ள வண்டியை வாங்கி, இன்னும் அதை என்ன செய்வது என்று தீர்மானிக்காதவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆயிலுக்கு மின் உணரி கொண்ட மானியையே எடுக்க வேண்டும். கேபினுக்குள் ஆயிலைக் கொண்டுவர இன்று தேவையில்லை. வெப்பத்துக்கு நீண்ட செம்புக் குழாயோடு வரும் இயந்திர மானி மிகத் துல்லியமானது, ஆனால் அந்தக் குழாயை வெட்டவோ நீட்டவோ முடியாது, மடிந்தால் மானி முழுவதுமே போயிற்று.

பெட்ரோலுக்கு மட்டும் பொது மானியை வாங்கும்போது இடறிவிழ வாய்ப்பு மிகுதி. கடைகளில் பரவலாகக் கிடைப்பது காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம் என்ற அளவுக்கானது. அதை செவர்லேயின் 0–90 ஓம் உணரியோடு இணைத்தால், தொட்டி நிறைந்திருக்கும்போது முள் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். காலியானபோது நிறைவைத் தாண்டும். நெடுஞ்சாலையின் நடுவில் வண்டி நின்ற பிறகே இது புரியும். மானியின் பெட்டியில் 0–90 என்று அச்சிட்டிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இந்த மாடலுக்கு முந்தைய, 1965-க்கு முன்னான செவர்லேக்களில் அது 0–30 ஓம்.

மூன்றாம் வழி: அதே இடத்தில் உட்காரும் புதிய தொகுதி

சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸில் இயங்கும் டகோட்டா டிஜிட்டல், மிச்சிகனின் பாய்ன் சிட்டியில் இயங்கும் கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இல்லினாயின் சிக்கமோரில் இயங்கும் ஆட்டோ மீட்டர் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1967–72 செவர்லே பிக்கப்புக்கென்றே அளவெடுத்த தொகுதிகளை விற்கின்றன. ஆறு மானிகளும் புதியவை, முட்கள் மின்மோட்டாரால் அசைபவை, உணரிகள் பெட்டியோடு வருபவை. விலை ஆயிரம் டாலரை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். டகோட்டா டிஜிட்டலின் தொகுதிகளில் உணரிகளின் ஒயர்கள் எல்லாம் முதலில் ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஒரே கேபிள் போர்டுக்கு வருகிறது. பழைய முகப்பின் சாயலிலேயே வரும் அதன் ஆர்டிஎக்ஸ் வரிசையை, தூரத்திலிருந்து பார்ப்பவர் தொழிற்சாலை மீட்டர் என்றே எண்ணுவார். கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் அழகு வேறு வகை: தெளிவான எண்கள், மெல்லிய முள், பழைய கைவினைத் தோற்றம். எனக்குப் பிடித்தது பின்னது. ஆனால் ஒயரிங் எளிமையை வைத்துப் பார்த்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள முன்னதுதான் வெல்லும்.

வண்டியில் 1990-களின் மின்னணுக் கட்டுப்பாட்டுத் தானியங்கி கியர்பாக்ஸான 4எல்60இ-யையோ, அதற்குப் பிந்தைய, கணினியால் இயங்கும் எல்எஸ் வி8 எஞ்சினையோ ஏற்றியிருப்பவருக்கு இந்த மூன்றாம் வழியே சரியான வழி. 4எல்60இ-இல் சுழல் கேபிளுக்கு இடமே இல்லை. அதன் வாலில் மின்துடிப்புகளை அனுப்பும் வேக உணரிதான் இருக்கிறது. பழைய வேக மீட்டரை அதனோடு இயக்க, துடிப்பைச் சுழற்சியாக மாற்றும் மோட்டார்ப் பெட்டி ஒன்றைத் தனியே வாங்க வேண்டும்; அந்தச் செலவுக்குப் புதிய தொகுதியின் கணிசமான பங்கை வாங்கிவிடலாம். எல்எஸ் எஞ்சினில் உணரித் துளைகள் மெட்ரிக் மரையில் இருப்பதால் பழைய உணரி நேரே ஏறாது. வெப்ப உணரியைப் பொருத்த, வலப்பக்கச் சிலிண்டர் தலைப்பகுதியின் பின்முனையில் அடைப்பான் இட்ட துளை ஒன்று உண்டு. இடப்பக்கத்தின் முன்முனையில் ஏற்கெனவே இருப்பதை எஞ்சின் கணினி பயன்படுத்துகிறது, அதைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஒரே உணரியில் இரண்டு கருவிகளை மாட்டினால் இரண்டுமே தவறாகக் காட்டும். எல்எஸ் கணினி டாக்கோமீட்டருக்கு அனுப்பும் துடிப்பு நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குரிய எண்ணிக்கையில் வருவதால், மீட்டரின் அமைப்பில் எட்டைத் தேர்ந்தால் முள் பாதி வேகத்தையே காட்டும். எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி-2 என்ற இணைப்புத் துறை உள்ள ஒயரிங்காக இருந்தால், டகோட்டா டிஜிட்டலின் துணைப்பெட்டி ஒன்று வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம் ஆகியவற்றை அந்தத் துறையிலிருந்தே படித்துக்கொள்ளும். அப்போது பாதி உணரி வேலை மிஞ்சும்.

பழைய கியர்பாக்ஸை வைத்திருப்பவரும் இந்தத் தொகுதியைப் பொருத்தலாம். கேபிள் ஏறும் இடத்தில் ஒரு துடிப்பு உணரியைத் திருகினால் போதும். அதற்கும் மாற்றாக ஜிபிஎஸ் வேக உணரி உண்டு. டயர், அச்சு விகிதம் எதுவும் அதைப் பாதிப்பதில்லை என்பது அதன் பெரிய வலிமை. ஆனால் வண்டியை எடுத்தவுடன் செயற்கைக்கோள்களைப் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். சுரங்கச் சாலையிலும் பல மாடி நிறுத்தத்திலும் முள் தடுமாறும். அந்த நேரத்து மைல் கணக்கும் விடுபடக்கூடும். கியர்பாக்ஸில் உணரிக்கு இடம் இருக்கும்போது ஜிபிஎஸ்ஸை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பொருத்தும் வேலையில் பெரும்பாலோர் தவறுவது எர்த்தில்தான். உணரி எஞ்சினின் உலோகத்தோடு நேரே தொட்டு எர்த் பெறுகிறது. கசிவுக்குப் பயந்து மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெட்டு முள் அலையும். எஞ்சினிலிருந்து வண்டியின் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து கேபினுக்கும் தனித்தனிப் பட்டை ஒயர்கள் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கேபினுக்குள், ஹீட்டரின் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு சட்ட விதியும் இங்கே உண்டு. மைல் கணக்கைத் திருத்துவதைத் தடுக்க அமெரிக்காவில் 1972-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மாற்றிய ஓடோமீட்டரில் பழைய எண்ணை ஏற்ற முடியாதபோது அதைச் சுழியத்தில் தொடங்கி, மாற்றுவதற்கு முன்னிருந்த மைல் எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதிய அறிவிப்பை இடக்கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஐந்து இலக்கமே கொண்ட பழைய ஓடோமீட்டர் எத்தனை முறை சுற்றி வந்ததென்று யாருக்கும் தெரியாது என்றாலும், அந்தத் தாளை ஒட்டுவது வண்டியை வாங்கப் போகிறவருக்கு நாம் செய்யும் நேர்மை.

இந்த வழியில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய தயக்கம் காலத்தைப் பற்றியது. 1970-இல் செய்த இரண்டு சுருள் மானியை இன்றும் ஒரு மேசை விளக்கின் கீழ் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு இருபது ஆண்டு கழித்துப் போனால், அதே பெட்டி அப்போதும் விற்பனையில் இருந்தாக வேண்டும். ஒரு பெட்டி போனால் ஆறு முட்களும் சேர்ந்தே நிற்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு இது ஏற்கத்தக்க இடர். ஆண்டுக்கு ஐந்நூறு மைல் ஓடி, அடுத்த தலைமுறைக்குப் போகும் வண்டிக்கு அப்படியன்று.

நான்காம் வழி: ஒளிரும் எண்கள்

முட்களை விட்டுவிட்டு, எல்இடி எண்களாகவும் பட்டைகளாகவும் காட்டும் போர்டுகளும் இதே அளவில் கிடைக்கின்றன. முள் தொகுதிகளைவிட மலிவானவை இவற்றில் உண்டு. ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் படிக்கச் சிரமம் இருக்கும். அதைவிட, மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவை எண்ணாகப் படிப்பதைக் காட்டிலும் முள்ளின் சாய்வாகப் பார்ப்பது கண்ணுக்கு எளிது. வெப்ப முள் வழக்கமான இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்தால் ஓரக்கண்ணிலேயே உறைக்கும்; 190 என்பது 212 ஆனதை உணர, அதை உற்றுப் படித்தாக வேண்டும். முற்றிலும் புதிதாகக் கட்டிய, பழமையை நாடாத வண்டிக்கு மட்டுமே இது ஒத்துப்போகும்.

எவருக்கு எது

என் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பழையவையே என்பதால் முதல் வழியில் போனேன். முள் மானிப் போர்டு, அதற்குரிய மின்சுற்றுத் தாள், எஞ்சின் ஒயரிங், அம்மீட்டரின் இடத்தில் வோல்ட்மீட்டர், புதிய ஆயில் குழாய், கேபிள் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. மொத்தச் செலவு புதிய தொகுதியின் விலையில் பாதியைத் தொடவில்லை. நாளை இதே வண்டியில் எல்எஸ் எஞ்சினை இறக்க நேர்ந்தால், ஒரு நாள்கூடத் தயங்காமல் மூன்றாம் வழிக்குப் போவேன், பெட்ரோலுக்கு மட்டும் தொட்டியிலுள்ள 0–90 ஓம் உணரியையே தொடர்ந்து வைத்துக்கொள்வேன். அதிகச் சுமை இழுப்பவர்கள் பழைய போர்டைச் சீர்செய்து, எண்கள் தெளிவாக உள்ள தனி வெப்பமானி ஒன்றையும் கியர்பாக்ஸ் ஆயிலுக்கான வெப்பமானி ஒன்றையும் கீழே சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வழிகளையும் கலப்பதில் தவறில்லை.

கையில் பணம் இருக்கிறது, ஆனால் முடிவு இன்னும் எட்டவில்லை என்பவர்கள் முதலில் பேட்டரியின் முனையைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, கேபிளும் இணைப்புமுனையும் இருந்த நிலையைப் படம் பிடித்து, மின்சுற்றுத் தாளையும் எல்லா எர்த் முனைகளையும் துடைத்து மீண்டும் பொருத்தி ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அந்த ஒரு மாதத்தில் எந்த முள் இன்னும் தவறுகிறது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு புதிய தொகுதியே வேண்டும் என்றாலும் பழைய போர்டை விற்றுவிடாமல், அதன் கடைசி மைல் எண்ணை எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் வைத்து, வண்டி கைமாறும்போது அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.